கணிதம் ஒன்றோ பலவோ?

கல்லூரி விழாமலர்களிற் பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். தாம் கற்ற காலத்து ஆசிரியர் பெருமையைப் பேசுவன ஒருவகை. தாம் பின்னர் அடைந்த பதவியின் பெருமையைப் பேசுவன மற்றொருவகை. நாம் ஆசிரியராயிருந்தே ஓய்வுபெற்றவராதலின் இரண்டாவது வகைக்கு நம்மிடம் சரக்கில்லை. முதல்வகையைத் தக்கவாறு செய்வார் இம்மலரிற் பலர் உளர். ஆகவே, நாம் செய்த பிழையொன்றைப் பற்றியும் அப்பிழை நம்மை இட்டுச்சென்ற ஆராய்ச்சியைப் பற்றியும் எழுத விரும்புகின்றோம். கணிதமென்றதும் பக்கத்தைப் புரட்டும் அன்பர்கள் சற்றுப் பொறுப்பார்களாக. நெல், காணி, மாடு, பலாப்பழம் என்பனவற்றுக்கு அப்பால் வாசகரை நெடுந்தூரம் அழைத்துச்செல்ல மாட்டோம்.

நாற்பதாண்டுகளுக்கு முன் நாம் கல்முனைப் பகுதியிற் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பித்தோம். நம் வகுப்பில் வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். வரிப்பத்தான்சேனை இறக்காமத்தை அடுத்துள்ள முஸ்லிம் கிராமம். கடற்கரையூர்களின் சந்தடியிலிருந்து விலகி, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். வேளாண்மைக் காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் பாடசாலையில் இருப்பதிலும் களவெட்டியில் இருப்பதே அதிகம். தவணைப் பரீட்சையில் நாம் பின்வரும் வினாவைக் கொடுத்திருந்தோம்: கமக்காரன் ஒருவன் விளைந்த நெல்லில் மூன்றிலொரு பங்கை நிலத்துக்குரியவருக்குக் கொடுத்தான், மீதியில் நாலிலொரு பங்கை வெட்டுக்கூலிக்கும் சூடடிப்புக்கூலிக்கும் கொடுத்தான், அவன் கையில் 48 மூட்டை எஞ்சிற்று, விளைந்த நெல் எத்தனை மூட்டை?

விளைவை எக்ஸ் எனக் கொண்டு சமன்பாடு அமைத்து விடை காண்பதே நாம் கற்பித்த முறை. அம்மாணவனோ எக்ஸை அறவே மறந்தான். “12 மூட்டை விளைந்தது என்று வைப்போம். 4 போக 8. அதில் 2 போக 6. 6 மூட்டைக்கு 12 என்றால் 48 மூட்டைக்கு 96” என நான்கே வரியில் எழுதி முடித்திருந்தான். நாம் சிவப்பு மையால் அதனைக் குறுக்கே வெட்டி, ஓரத்திற் சுழியம் இட்டோம். விடைத்தாள் திரும்பக் கிடைத்தபோது அவன் நம் மேசையண்டை வந்து நின்று, “விடை பிழையா, சேர்?” என்று கேட்டான். “விடை சரி, வழி பிழை” என்றோம். அவன் மறுமொழி கூறாது போய்த் தன் இடத்தில் அமர்ந்தான். அடுத்த தவணையில் எக்ஸ் போட்டு எழுதினான். அதில் இரண்டிடத்திற் குறியை மாற்றிவிட்டு 31 என்று விடை கண்டான். களவெட்டியில் அவ்விடையைச் சொல்லியிருந்தால் அவன் வாப்பா நகைத்திருப்பார். நாமோ வழி சரியென்று பாதிப் புள்ளி கொடுத்தோம்!

நாம் பிழையென வெட்டிய அவ்வழிக்குப் பெயர் உண்டென்பதைப் பன்னாள் கழித்தே அறிந்தோம். பாஸ்கராசாரியர் 1150 ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில் அது இஷ்டகர்மம் எனப்படுகின்றது. விரும்பிய எண்ணொன்றைக் கற்பித்துக்கொண்டு, வினாவில் உள்ளபடி அதனைக் கூட்டியும் கழித்தும் பகுத்தும் வரும் பயனைத் தந்த பயனோடு ஒப்பிட்டு உண்மையெண்ணைப் பெறுவது அது. அவருக்கும் முற்பட்டது அவ்வழி. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் ஆமோசு என்னும் எழுத்தன் படியெடுத்த எகிப்திய ஏட்டில், ஒரு குவியலும் அதன் ஏழிலொரு பங்கும் சேர்ந்து 19 ஆனால் குவியல் எவ்வளவு என்றொரு வினா உண்டு. 7 எனக் கற்பித்தால் 8 வரும், 8 ஐ 19 ஆக்குவதற்கு எவ்வளவு பெருக்கவேண்டுமோ அவ்வளவு 7 ஐயும் பெருக்குக என்பதே அங்குள்ள விடைமுறை. நைல் நதிக்கரையில் ஒரு குவியல். இறக்காமத்துக் குளக்கரையில் ஒரு குவியல். நடுவில் நாம் சிவப்பு மையோடு நின்றோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் அவனிடம் வற்புறுத்திய அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே, பக்தாதில் 820 ஆம் ஆண்டளவில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள அல்ஜப்ர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இந்துக் கல்லூரியிற் பயின்ற ஆசிரியர் அல்குவாரிஸ்மியின் வழியைக் கேட்க, முஸ்லிம் கிராமத்து மாணவன் லீலாவதியின் வழியிற் செய்து காட்டினான். இதைக் கொண்டு இன்ன வழி இன்ன சமயத்தாருக்கு உரியது என்று எவரும் பட்டயம் எழுதப் புகவேண்டா. பாஸ்கரர் பீஜகணிதம் என்னும் அட்சரகணித நூலையும் இயற்றியவர். பொய்யெண் கொண்டு மெய்யெண் காணும் முறையை அரபு அறிஞர்களும் நன்கறிந்து வளர்த்தனர். வழிகள் வணிகரைப்போல ஊர்விட்டு ஊர் செல்வன.

அவ்வாறாயின் அம்மாணவனுக்கு முழுப்புள்ளி கொடுத்துவிட்டால் நம் கடன் தீர்ந்துவிடுமோ? தீராது. அவன் வழி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று காட்டியிருக்க வேண்டும். அதனைச் செய்யாமையே நம் பெரிய பிழை. வினாவைச் சற்று மாற்றுவோம். பங்கிடுமுன் கமக்காரன் விதைநெல்லுக்கென 6 மூட்டையை ஒதுக்குகின்றான். பின்னர் முன்போலவே மூன்றிலொன்றும், மீதியில் நாலிலொன்றும் போகின்றன. கையில் 45 மூட்டை எஞ்சுகின்றது. இப்பொழுது 12 மூட்டை எனக் கற்பித்தால் 6 போக 6, அதில் 2 போக 4, அதில் 1 போக 3 எஞ்சும். 3 க்கு 12 எனின் 45 க்கு 180 என்று விடை வரும். அது பிழை. விதைநெல் விளைவோடு கூடிக் குறையாது நிலையாய் நிற்பதால் விகிதம் குலைந்துவிட்டது. இங்கே ஒரு பொய் போதாது. இரண்டு பொய் வேண்டும். 12 எனக் கற்பிக்க 3 வந்தது. 18 எனக் கற்பித்தால் 6 வரும். ஆகவே விளைவில் 6 கூட எச்சத்தில் 3 கூடுகின்றது. எச்சம் 3 இலிருந்து 45 ஆவதற்கு 42 கூடவேண்டும். அஃது பதினான்கு மூன்று. ஆதலின் விளைவு 12 இலிருந்து பதினான்கு ஆறு, அதாவது 84 கூடி, 96 ஆகும். அரபு நூலார் இதனை இரு பிழைகளின் கணக்கு என்றனர். குஸ்தா இப்னு லூக்கா என்பார் 9 ஆம் நூற்றாண்டிலேயே இம்முறை ஏன் பொய்க்காது என்பதற்கு யூக்கிளிட்டின் நெறியில் நிறுவல் எழுதினார். இதனை அன்று நாம் கரும்பலகையிற் செய்துகாட்டியிருந்தால் அம்மாணவன் எக்ஸின் பயனையும் தானே உணர்ந்திருப்பான். அவனுக்குத் தெரிந்த ஒழுங்கையின் முடிவிலிருந்து பெருந்தெருவுக்கு வழிகாட்டாமல், ஒழுங்கையை அடைத்துவிட்டோம்.

இதுவரை கூறியவற்றைக் கேட்கும் கணித நண்பர் ஒருவர், “வழிகள் பலவாகலாம்; கணிதம் ஒன்றுதானே? எல்லா வழியும் 96 ஐத்தானே தருகின்றன?” என வினவக்கூடும். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்தை முதலில் அசைத்ததும் அப்பகுதியிற் கேட்ட ஒரு பங்குக்கணக்கே.

இஸ்லாமிய வழியுரிமைச் சட்டத்தில், இறந்தவரின் உறவினர்க்குரிய பங்குகள் பின்னங்களாக வரையறுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளும் பெற்றோரும் இன்றி ஒரு பெண் இறக்கின்றாள் என்று கொள்வோம். கணவனும் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் உளர். கணவனுக்கு அரைப்பங்கு, சகோதரியர்க்கு மூன்றிலிரு பங்கு. இரண்டையும் கூட்டினால் ஆறில் ஏழு! முழுமையினும் ஆறிலொன்று மிஞ்சுகின்றது. ஏழு ஏக்கர் வயலை எவ்வாறு பிரிப்பது? உமர் கலீபாவின் காலத்தில் எழுந்ததாகக் கூறப்படும் தீர்வு அவ்ல் எனப்படும். ஆறு பங்கென்னும் அடியெண்ணை ஏழாக உயர்த்தி, கணவனுக்கு ஏழில் மூன்றும் சகோதரியர்க்கு ஏழில் நான்கும் கொடுப்பது அது. ஆகவே கணவனுக்கு 3 ஏக்கர், சகோதரியர்க்கு 4 ஏக்கர். இப்னு அப்பாஸ் இதனை ஏற்கவில்லை. கணவனின் அரைப்பங்கு குறையாது நிற்க, சகோதரியர் எஞ்சியதைப் பெறுவர் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் ஆளுக்குப் பாதியாய் மூன்றரையும் மூன்றரையும். சுன்னி மரபினர் அவ்லை ஏற்றனர். ஷீஆ மரபினர் அதனை மறுத்தனர். இலங்கையில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாசனமின்றி இறந்த முஸ்லிமின் ஆதனம் அவர் சார்ந்த பிரிவின் சட்டப்படியே பிரிக்கப்படும் என்கின்றது.

இவ்விரு தீர்வுகளில் எது கணிதத்துக்கு இணங்கியது? இரண்டும் இணங்கியவை. ஒவ்வொன்றும் தனக்குள் முரணற்றது. ஒவ்வொன்றிலும் பங்குகளின் கூட்டுத்தொகை ஏழு ஏக்கரே. இரண்டினிடையே தேர்வு செய்யுமாறு எண்ணைக் கேட்டால் எண் வாய் திறவாது. பின்னத்தைப் பொருளின் பங்கென்று கொள்வதா, உரிமைகளின் விகிதமென்று கொள்வதா என்று முன்னரே மனிதர் முடிவுசெய்தாக வேண்டும். அம்முடிவுக்குப் பின்னரே கணக்குத் தொடங்குகின்றது. அல்குவாரிஸ்மியின் அட்சரகணித நூலிற் பாதியளவு இத்தகைய மரணசாசன, வழியுரிமைக் கணக்குகளே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பிற்காலத்துப் பதிப்பாளர் சிலர் அப்பகுதியைச் சட்டப்பகுதியென ஒதுக்கிவிட்டுக் கணிதப்பகுதியை மட்டும் படித்தனர். வேரை வெட்டிவிட்டு மரத்தின் உயரத்தை அளந்தாற்போன்றது அச்செயல்.

தூய கணிதத்தில் இத்தகைய பிளவு இல்லையென்று கருதுவோர்க்குக் கேத்திரகணித வரலாறே விடைகூறும். ஒரு நேர்கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியூடாக அதற்குச் சமாந்தரமாய் ஒரேயொரு கோடுதான் வரையலாம் என்று பாடசாலையில் மனனஞ் செய்தோம். 1829 இல் உருசியாவில் லோபச்செவ்ஸ்கியும், 1832 இல் அங்கேரியில் போல்யாயும் அவ்வெடுகோளை மறுத்தே முரணில்லாத கேத்திரகணிதங்களை வெளியிட்டனர். ஆயினும் இவ்வுதாரணம் எல்லா நூல்களிலும் வருவது, அதிகம் பேசவேண்டா. இதனினும் ஆழமான பிணக்கு, நிறுவலென்பது யாதென்பதைப் பற்றியது.

கிழக்கிலங்கையில் மாடு காணாமற் போவது அடிக்கடி நிகழ்வது. மாட்டைத் தேடியலையும் ஒருவரிடம் நாம் சென்று, “உமது மாடு கிடைத்துவிட்டது, அது ஒன்றில் கிழக்குப் பட்டியில் நிற்கின்றது, அன்றேல் மேற்குப் பட்டியில் நிற்கின்றது, எதிலென்று மட்டும் தெரியாது” என்று சொன்னால், அவர் மகிழ்வாரா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான புறவுவர் என்னும் கணிதர் எழுப்பிய கேள்வி இத்தகையதே. பின்ன வடிவிற் கூறவியலாத எண்ணொன்றை அத்தகைய மற்றோரெண்ணின் அடுக்குக்கு உயர்த்தினாற் பின்னவெண் வரக்கூடுமோ என்றொரு வினா உண்டு. இரண்டின் வர்க்கமூலத்தை, இரண்டின் வர்க்கமூலம் என்னும் அடுக்குக்கு உயர்த்துக. வருவது பின்னவெண்ணாயின் வேண்டியது கிடைத்தது. அன்றாயின், வந்ததை மீண்டும் அதே அடுக்குக்கு உயர்த்துக, 2 வரும், அப்பொழுதும் வேண்டியது கிடைத்தது. ஆகவே அத்தகைய இரண்டெண்கள் உளவென்பது நிறுவப்பட்டது. எவை அவை? இந்நிறுவல் சொல்லவில்லை. மாடு இரண்டு பட்டிகளுள் ஒன்றில் நிற்கின்றது, அவ்வளவே.

பெரும்பாலான கணிதர் இதனை நிறுவலென ஏற்பர். புறவுவர் வழியினர் ஏலார். உண்டு என்று சொல்பவன் கொண்டுவந்து காட்டவேண்டும். ஒன்று இருக்கும் அல்லது இராது என்னும் விதியை முடிவில்லாதவற்றின்மேற் கண்ணை மூடிக்கொண்டு ஏவக்கூடாது என்பது அவர்தம் கொள்கை. ஜெர்மானியரான ஹில்பேட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவ்விதியைக் கணிதரிடமிருந்து பறிப்பது மல்லனிடமிருந்து கைமுட்டியைப் பறிப்பதற்கு ஒப்பென்றார். சண்டை கடுமையாய் நடந்தது. முடிவில் இருவரும் வெல்லவில்லை. 1967 இல் அமெரிக்கரான பிஷப், காட்டிநிறுவும் வழியிலேயே நுண்கணிதத்தின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பலாமெனச் செய்துகாட்டினார். இன்று கணினி கொண்டு நிறுவல்களைச் சரிபார்ப்போர் பலர் அவ்வழியை விரும்பிக் கையாளுகின்றனர். காட்டிநிறுவியதிலிருந்து கணிக்கும் முறையும் உடன் கிடைப்பதே காரணம். 1963 இற் கோயென் என்பார் மற்றொன்றைக் காட்டினார். முழுவெண்களின் முடிவின்மைக்கும் கோட்டிலுள்ள புள்ளிகளின் முடிவின்மைக்கும் இடையில் வேறொரு முடிவின்மை உண்டோ என்னும் வினாவுக்கு, வழக்கமான எடுகோள்களிலிருந்து இல்லையென்று நிறுவவியலாது என்பது அது. உண்டென்று நிறுவவியலாமையைக் கேடல் முன்னரே காட்டியிருந்தார். ஏழு ஏக்கர் வயலின் கதை முடிவிலியிலும் நிகழ்கின்றது.

ஐரோப்பாவிற் பேசப்படும் இப்பொருள் நம்மவர்க்குப் புதியதோவெனின், அன்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே ஆணியில் தொங்குவதை நாம் அறிவோம். வருடப்பிறப்பு நேரம் இரண்டிலும் வேறுபடும். சில ஆண்டுகளில் விரதநாளும் வேறுபடும். வாக்கியக் கணிதம், சந்திரன் 248 நாளில் ஒன்பது முறை தன் உச்சநீசச் சுற்றை முடிக்கின்றது என்பதை அடியாகக்கொண்டு, நாளுக்கொன்றாக 248 வாக்கியங்களில் நிலைகளை அடக்கி மனனஞ் செய்வது. அதே 248 நாட்கணக்கு பாபிலோனியரிடமும் இருந்தது. 1825 இற் சென்னையிற் காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலை வெளியிட்ட உவாரன் துரை, புதுச்சேரியிலே பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலுள்ள வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திரகிரகணமொன்றைக் கணித்தார். ஏடில்லை, எழுத்தாணியில்லை. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. 1952 இல் நொய்கபவர் என்னும் வரலாற்றறிஞர் தமிழர் வானியலைப்பற்றி எழுதிய கட்டுரையில் இதனை வியந்து எடுத்துக்காட்டினார்.

வியப்போடு நிற்பதற்கில்லை. அச்சோழிக் கணக்கருக்குத் தாம் செய்வது ஏன் சரியாகின்றது என்பது தெரியாதென்று உவாரன் எழுதினார். மலையாள நாட்டிலோ, 1530 ஆம் ஆண்டளவில் ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷா என்னும் நூலை நாட்டுமொழி உரைநடையில் எழுதி, மாதவர் கண்ட முடிவிலித் தொடர்களுக்குப் படிப்படியாய்க் காரணம் காட்டினார். வட்டத்தின் சுற்றளவுக்குரிய அத்தொடரை ஐரோப்பியர் ஏறத்தாழ 250 ஆண்டுகள் பிந்தியே கண்டனர். யுக்திபாஷாவின் யுக்தி யூக்கிளிட்டின் நிறுவலைப்போல் எடுகோள்களை முதலில் அடுக்கிவைத்துத் தொடங்குவதன்று. வடிவத்தை வெட்டியும் ஒட்டியும், சிறியதை மேலும் சிறிதாக்கியும், கற்பவன் மனம் ஒப்பும்வரை அழைத்துச்செல்வது. ஆகவே நம் அண்டையிலேயே மூவகை உண்டு: காரணமறியாது கணிப்பது, காரணங்காட்டி மனங்கொளச் செய்வது, எடுகோளிலிருந்து இறக்கி நிறுவுவது. மூன்றையும் கணிதமென்றே கொள்வோம். ஆனால் மூன்றும் ஒரே பணியைச் செய்வன என்று கொள்ளோம்.

பஞ்சாங்கப் பிணக்கில் நம் கருத்தை மறைக்க விரும்பவில்லை. கிரகணம் எப்பொழுது பிடிக்குமென்னும் வினாவுக்கு வானமே நடுவர். அங்கே திருக்கணிதம் வெல்லும். விரதம் என்று நோற்பதென்னும் வினா வேறு. அது ஊரார் ஒருமித்துச் செய்யும் செயல். கல்முனையிலும் வரிப்பத்தான்சேனையிலும் நோன்புப் பெருநாளுக்குப் பிறையைக் கண்ணாற் பார்க்கின்றனர். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்குக் காத்திருக்கின்றனர். சூரியசந்திரர் கூடும் நொடியைக் கணிதம் பிழையின்றிச் சொல்லும்போது வானத்தை அண்ணாந்து பார்ப்பதேன் என்று கேட்பவர், சந்திரன் எங்கே உள்ளது என்பதும் மனிதர் அதனைக் கண்டனரா என்பதும் இரண்டு வினாக்கள் என்பதை மறந்தவராவர்.

இனி, நம் இனத்தாற் பெருமைகொள்ளும்போதெல்லாம் நாம் எடுக்கும் பெயராகிய இராமானுஜனிடம் வருவோம். 1912 இல் அவருடைய தாள்கள் இலண்டனிலிருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று என முடிவின்றிக் கூட்டினாற் பன்னிரண்டிலொன்றின் எதிர்மறை வருமென்று அதில் எழுதியிருந்தது. விரியும் தொடர்களைக் கையாள்வதற்குரிய எச்சரிக்கைகளை இவர் அறியாரென்றும், விடை பிழையென்றும் ஹில் எழுதினார். கூட்டல் என்னுஞ் சொல்லுக்குப் பாடப்புத்தகப் பொருளையே கொண்டால் ஹில் கூறியது முற்றும் சரி. இராமானுஜன் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் கொண்டிருந்தார். அப்பொருளில் அவர் விடை சரி. இன்று பௌதிகவியலாரும் அதனைக் கையாளுகின்றனர். 1913 சனவரியில் அதே வகை முடிவுகள் கேம்பிரிச்சிலிருந்த ஹாடியின் கைக்குச் சென்றபோது, அவர் வழியைக் கேளாமல் முதலில் விடையை நோக்கினார்.

ஆயினும் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். பகாவெண்கள் எத்தனை என்பதைப்பற்றி இராமானுஜன் எழுதியனுப்பிய முடிவுகளிற் சில உண்மையாகவே பிழை. ஐரோப்பிய நெறியில் நிறுவல் தேடியிருந்தால் அப்பிழை வெளிப்பட்டிருக்கும் என்று ஹாடி காட்டினார். நிறுவலென்னும் காவலின்றி உள்ளுணர்வு மட்டும் போதுமென்போர், இதனைத் தம் சொற்பொழிவுகளில் விட்டுவிடுகின்றனர்.

இந்துக் கல்லூரி மலரில் எழுதுவதால் இன்னொன்றையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வழிகள் பல என்று நாம் சொல்வதைக் கேட்டு, எல்லாம் நம் முன்னோர் நூலில் உள்ளன என்று சொல்லிவிட்டதாக மகிழ்வோர் உண்டு. 1965 இல் வேத கணிதம் என்னும் பெயரில் ஆங்கில நூலொன்று அச்சாயிற்று. அதிலுள்ள பதினாறு சூத்திரங்களும் இன்று நாமறிந்த வேதநூல்களில் இல்லை என்பதை அறிஞர் காட்டியுள்ளனர். பெருக்கலை விரைவிற் செய்வதற்கு அதிற் சில உத்திகள் உண்டு, பயன்படுவோர் பயன்படுத்தட்டும். அதற்கு வேதமென்னும் முத்திரை எதற்கு? இல்லாத பழமையைக் காட்டுவோர், இருக்கும் பழமையைக் கவனிப்பாரற்றுச் செல்லரிக்க விடுகின்றனர் என்பதே நம் மனக்குறை.

இருக்கும் பழமைக்குக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் ஓர் எடுத்துக்காட்டு. வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்குக என்று அந்நூல் கூறுகின்றது. அது எவ்வட்டத்துக்கும் என்றும் பொய்க்காத விதி. அதே நூலில், பலாப்பழத்தை வெட்டாமற் சுளையெண்ணும் வழியும் உண்டு: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டுமாம். இதனைச் சில பழங்களில் நாமே செய்துபார்த்தோம். வீட்டார் நகைத்தனர், விடை ஒருமுறை அண்ணளவாய் வந்தது, மறுமுறை வரவில்லை. வட்டவிதியும் பலாவிதியும் ஒரே பாவகையில், ஒரே உறுதியான குரலிற் சொல்லப்பட்டுள்ளன. இரண்டும் ஒருதரத்தன அல்லவென்று கற்பவனுக்கு எடுத்துக்காட்டுபவனே ஆசிரியன். எல்லா வழிக்கும் இடங்கொடு என்பது எல்லா வழியையும் நம்பு என்பதன்று.

பரீட்சை விடைகளைத் திருத்தும் இளைய ஆசிரியர் பலர் இம்மலரைப் படிப்பரென நினைக்கின்றோம். புள்ளித்திட்டம் மாற்றுவழிக்கு இடம் வைத்திருந்தாலும், நாளொன்றுக்கு நூறு தாள் திருத்தும் கண் அதற்கு இடம் வைப்பதில்லை. எதிர்பார்த்த வரியைக் காணாதபோது பேனா தானாகவே குறுக்கே ஓடுகின்றது. நம் பேனாவும் ஓடிற்று. பேனாவை ஒருகணம் நிறுத்தி, இவ்வழி சரியான விடையைத் தற்செயலாய்த் தந்ததா, காரணத்தோடு தந்ததா, எண்களை மாற்றினாலும் தருமா என்று பார்ப்பதற்கு அரைநிமிடம் போதும். அவ்வரைநிமிடத்தை மறுத்தமையால், களவெட்டியிற் பங்குபிரிக்கும்போது பெரியவர்கள் அழைத்துக் கேட்கும் அளவுக்குக் கணக்கில் வல்லவனாயிருந்த அம்மாணவன், தனக்குக் கணக்கு வராதென்று முடிவுசெய்துகொண்டு பத்தாம் வகுப்போடு நின்றான்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூருக்குச் சென்று அவனைக் கண்டோம். அவன் என்று எழுதுவது பழக்கத்தால். பேரப்பிள்ளைகளை உடையவர் அவர். நெல் வியாபாரம் செய்கின்றார். நாம் வந்த காரியத்தைச் சொன்னபோது அவருக்கு அந்த விடைத்தாள் நினைவில் இல்லை; நாம் மன்னிப்புக் கேட்பதெதற்கென்றும் விளங்கவில்லை. விதைநெல் 6 மூட்டை ஒதுக்கும் கணக்கை வாய்மொழியாகச் சொன்னோம். கண்ணைச் சற்று மூடித் திறந்து, “தொண்ணூற்றாறு, சேர்” என்றார். எவ்வாறு கண்டீர் என்று கேட்டோம். அவர் சொன்ன வழி நாம் மேலே எழுதிய இரு பொய்யெண் வழியுமன்று, எக்ஸுமன்று. எஞ்சியதிலிருந்து பின்னோக்கி நடந்திருந்தார்: 45 என்பது நாலில் மூன்று, ஆகவே 60, 60 என்பது மூன்றில் இரண்டு, ஆகவே 90, விதைநெல்லைத் திரும்பப் போட 96. இவ்வழியை அவருக்குக் கற்பித்தவர் எவருமில்லை என்றார்.

நம் பழைய மாணவர் சங்கம் விழாவையொட்டி ஏதேனும் நிலையான பணி செய்ய எண்ணியிருப்பதாக அறிகின்றோம். மண்டபத்துக்கு இன்னொரு முகப்புக் கட்டுவதினும், வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் வாழும் முதியோரிடமிருந்து மனக்கணக்கு வழிகளையும், வீட்டுப் பரண்களிற் கிடக்கும் எண்சுவடி, கணக்கதிகார ஏடுகளையும், பங்குபிரிக்கும் மௌலவிமாரின் கைக்குறிப்புகளையும் சேகரித்து, எவ்வழி எங்கே செல்லும் எங்கே நிற்கும் என்னும் குறிப்போடு ஒரு நூலாக வெளியிடுவது நன்றென்பது நம் விண்ணப்பம். சங்கத்தார் இசைவராயின், முதற்பயணத்தை வரிப்பத்தான்சேனைக்கு வைத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் மட்டும் போகவேண்டா. அப்பொழுது அங்கு ஒருவருக்கும் நம்மோடு பேச நேரமிராது.